சிறுநடையும் நெடுஞ்சாலையும்

(ஊரப்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அச்சுக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட ஒரு குழந்தையோடு தெருவில் நடந்து செல்வது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதற்கு ஓர் உபந்நியாசமும், மேடையும், மாலையும் வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். எனக்கு முன் இம்மேடையில் பேசிய பெரியோர்கள் கல்வெட்டையும் காப்பியத்தையும் ஆராய்ந்து பேசிச் சென்ற பிறகு, நான் வந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வரை போய்வரும் வழியைப் பற்றிப் பேசுவது சபைக்கு ஒவ்வாததாகவும் தோன்றலாம். ஆயினும், இந்த ஊரில் இதைப் பேசுவதற்கு ஒரு பிரத்தியேகமான காரணம் இருக்கிறது. ஊரப்பாக்கத்துக்கு நம்மிற் பெரும்பாலோர் வந்து குடியேறியது வேகத்தை நம்பித்தான். மின்சார ரயில் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலை இருக்கிறது, 2023 டிசம்பர் முடிவில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இங்கே மனை விற்கிறவர்கள் அச்சிட்டு விநியோகிக்கும் விளம்பரங்களைப் பார்த்தால், ரயில் நிலையம் ஐந்து நிமிடம், பள்ளிக்கூடம் மூன்று நிமிடம் என்று தூரம் முழுவதும் நிமிடத்தாலேயே அளக்கப்பட்டிருக்கும். கஜமும் இல்லை, மைலும் இல்லை. அந்த ஐந்து நிமிட வழியை முக்கால் மணி நேரத்தில் கடக்கிற ஒரு பிரஜையும் இவ்வூரில் உண்டு, அவரை விளம்பரக்காரர் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் மந்தகதியை நாம் ஒரு குறைபாடாக எண்ணி, கால் வலுத்தால் சரியாகிவிடும் என்று பொறுத்துக்கொள்கிறோம். நானோ, அது உலகத்தை அறிவதற்குக் குழந்தைக்கு வாய்த்த முறை என்றும், அம்முறையோடு ஒத்துச் செல்வதற்கான பயிற்சி பெரியவர்களுக்கே தேவைப்படுகிறது என்றும், அத்தகைய பயிற்சியைத் தமிழ் மரபு ஒரு காலத்தில் இலக்கண வரம்போடு வகுத்து வைத்திருந்தது என்றும் கருதுகிறேன். இதனை ஐந்து பகுதிகளாகச் சொல்வேன். ஐந்தும் ஒரே அளவாக இரா.

1

முதலாவது, குழந்தை எங்கே போகிறது என்பது. நாம் நடப்பது ஓரிடத்தை அடைவதற்கு. ஆகவே குழந்தையும் ஓரிடத்தை அடையவே நடக்கிறது, ஆனால் வழியில் கவனம் சிதறி நின்றுவிடுகிறது என்று அனுமானிக்கிறோம். இந்த அனுமானமே பிழையானது. நியூயார்க் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் கேரன் அடால்ஃபும் அவருடைய சகாக்களும் நடை பழகும் பிராயத்துக் குழந்தைகளை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து வருகிறவர்கள். 2012இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பன்னிரண்டு மாதம் முதல் பத்தொன்பது மாதம் வரையிலான குழந்தைகள் தாமாக விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கின்றன, 17 முறை விழுகின்றன. மந்தம் என்று நாம் சொல்லுகிற அந்தப் பிறவி அவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அதைவிட விசேஷமானது 2019இல் அக்குழுவினர் வெளியிட்ட மற்றொரு சோதனை. பதினைந்து மாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை விளையாட்டுச் சாமான்கள் நிறைந்த அறையிலும், மற்றொரு பகுதியினரை ஒன்றுமே இல்லாத வெற்று அறையிலும் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு அறையிலும் குழந்தைகள் நடந்த நடையின் அளவு ஒன்றாகவே இருந்தது. சாமான் இருந்த அறையில் தாயை விட்டுச் சற்றுத் தொலைவு போயின, பல மூலைகளை எட்டிப் பார்த்தன; ஆனால் நடப்பதற்கு ஒரு பொருளும் காரணமாக வேண்டியிருக்கவில்லை, இடம் இருந்ததே போதுமானதாக இருந்தது.

இந்த உண்மையை ஆய்வுக்கூடம் இல்லாமலேயே கண்டுகொண்ட ஒரு தமிழ்ப் புலவர் உண்டு. குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் பாட்டாக 61ஆம் செய்யுள் அமைந்திருக்கிறது. தச்சன் செய்து கொடுத்த சிறு வண்டியில் ஏறிச் செல்லும் இன்பம் குழந்தைகளுக்கு இல்லாவிட்டாலும் அதைக் கையால் இழுத்துச் செல்வதிலேயே அவர்கள் இன்பம் அடைந்துவிடுகிறார்கள் என்பது அதில் உவமையாக வருகிறது. பேச வந்த பொருள் காதலும் நட்பும். அதற்குத் துணையாகப் புலவர் கண்ணிற் பட்டது, ஏறிப் போகாத வண்டியை இழுத்துக்கொண்டு போகும் ஒரு பையன். வண்டி என்றால் ஏறிப் போகத்தானே என்று நினைக்கும் வயது வந்தவருக்கு இந்த உவமை தோன்றாது. தெருவோரமாகச் சற்று நேரம் நின்று, அந்தப் பையன் எங்கும் போய்ச் சேராததையும் அதனால் அவனுக்கு ஒரு குறையும் நேராததையும் பார்த்தவருக்கே தோன்றும்.

நம் தெருக்களில் நடப்பதைச் சொல்கிறேன். இந்தப் பகுதியில் கோடைக்காலத்தில் தண்ணீர் லாரி வராத தெரு இல்லை. மூடி சரியாக இறுகாத அந்த லாரி போன வழியெல்லாம் தாரின்மேல் ஈரக் கோடு ஒன்று விழுந்திருக்கும். என் பேத்திக்கு மூன்று வயது நிரம்பவில்லை. பால் வாங்கப் புறப்பட்டோம். ஈரக் கோட்டைக் கண்டவள் அதன்மேல் ஒவ்வோர் அடியாக வைத்து நடக்கத் தொடங்கினாள். லாரி எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் அவளும் திரும்பினாள், பால் கடை எதிர்ப்பக்கம் இருந்தது அவள் கவனத்திற்கே வரவில்லை. வெயிலில் கோடு ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, துண்டு துண்டாகி, பிறகு புள்ளிகளாயிற்று. "தாத்தா, தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டாள். ஆவியாகப் போயிற்று என்று பதில் சொல்லலாம், சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை, குந்தி உட்கார்ந்து கடைசிப் புள்ளியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரருடைய மணியோசையைக் கேட்டுக் குடங்களோடு ஓடியவர்களில் நானும் பல காலம் ஒருவன். அந்தக் கோடு உலரும் விதத்தை அன்றுதான் பார்த்தேன்.

2

இரண்டாவது, குழந்தை எதைப் பார்க்கிறது என்பது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குழந்தை ரிஷி என்றும், தெய்வம் என்றும், கள்ளமற்ற ஞானி என்றும் போற்றிப் பேசும் வழக்கம் நம் மேடைகளில் மிகுதி. எனக்கு அதில் ருசி இல்லை. எறும்பு வரிசையைக் கண்கொட்டாமல் பார்க்கிற அதே குழந்தை, அடுத்த கணம் கட்டைவிரலால் அவற்றுள் ஒன்றை நசுக்கியும் பார்க்கும். நான் சொல்லவந்தது அதன் குணத்தைப் பற்றியன்று, அதன் கவனத்தின் அமைப்பைப் பற்றியது.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் பிளபனெக், விளாதிமிர் ஸ்லவுட்ஸ்கி என்னும் இருவர் செய்து 2017இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை விளக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த சிவப்பு, பச்சை உருவங்கள் இரண்டைத் திரையில் காட்டி, ஒரு நிறத்தை மாத்திரம் கவனிக்கச் சொன்னார்கள். மறுபடி காட்டும்போது ஏதேனும் மாறியிருக்கிறதா என்று கேட்டார்கள். கவனிக்கச் சொன்ன உருவத்தில் நேர்ந்த மாறுதலைப் பெரியவர்கள் 94 சதவீதமும், நான்கைந்து வயதுக் குழந்தைகள் 86 சதவீதமும் கண்டுபிடித்தார்கள். கவனிக்கச் சொல்லாத உருவத்தில் நேர்ந்த மாறுதலையோ, குழந்தைகள் 77 சதவீதம் கண்டார்கள்; பெரியவர்கள் 63 சதவீதந்தான் கண்டார்கள். சொன்னதைப் பார்ப்பதில் நாம் சமர்த்தர்கள், சொல்லாததைப் பார்ப்பதில் குழந்தை சமர்த்து. கவனம் சிதறுகிறது என்று பள்ளிக்கூட அறிக்கையில் எழுதப்படும் அதே சுபாவம் இது.

நமக்குப் பக்கத்து ஊரான வண்டலூரில் இதற்கு நித்தமும் சாட்சி கிடைக்கும். 1855இல் சென்னை நகரத்துக்குள் தொடங்கப்பட்டு, 1985இல் இங்கே குடிபெயர்ந்த உயிரியல் பூங்காவில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எந்தக் கூண்டின் முன்பும் நின்று பாருங்கள். தந்தையார் குழந்தையைத் தோள்மேல் தூக்கி, "அதோ பார், புலி, புலி" என்று கையை நீட்டுவார்; குழந்தையோ கம்பிக்கு இப்பால் பொரி பொறுக்கும் மைனாவைப் பார்த்துச் சிரிக்கும். அவருக்கு ஏற்படும் ஏமாற்றம் சாதாரணமானதன்று. டிக்கெட் வாங்கியது புலிக்காக அல்லவா?

மரியா மாண்டிசோரி அம்மையார் இந்தியா வருமுன்பே எழுதிய நூலொன்றில் இதைப் போன்ற ஒரு சம்பவத்தை விவரித்திருக்கிறார். செங்கல் பாவிய தளத்தில், அழகிய பூஞ்செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்று பூக்களை ஏறிட்டும் பாராமல், தரையைப் பார்த்து உரக்கச் சிரித்ததாம். அருகே சென்று குனிந்து பார்த்தபோது, செங்கல்லின் நிறமாகவே இருந்த, கண்ணுக்குத் தெரிவதே அரிதான ஒரு பூச்சி அங்கே ஓடிக்கொண்டிருந்ததாம். பூவைக் காட்டுவது பெரியவர்களின் ஆசை. பூச்சியைக் காண்பது குழந்தையின் தேவை. இந்த அம்மையார் 1939 நவம்பரில், தம்முடைய 69ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் நம் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பகை நாட்டுப் பிரஜை என்ற முறையில் அவர் மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டு, அம்மையாரின் 70ஆவது பிறந்த நாளன்று விடுவிக்கப்பட்டார். திரும்பிச் செல்ல வழியின்றி 1946 வரை இருவரும் இந்நாட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் கழிந்த அந்தக் கட்டாய அவகாசத்தில்தான், செடியையும் கல்லையும் பூச்சியையும் கொண்டு உலகம் முழுவதையும் குழந்தைக்கு அறிமுகம் செய்யும் கல்வி முறையை அவர் விரிவாக வகுத்தார். சர்க்கார் ஒருவரை ஓரிடத்தில் நிறுத்தி வைத்ததனால் கல்விக்கு லாபம் விளைந்த சந்தர்ப்பம் சரித்திரத்தில் அபூர்வம்.

3

மூன்றாவது பகுதிக்கு வருகிறேன். என் பேச்சின் மத்தியம் இதுவே. குழந்தையின் கதிக்கு இறங்கி வருவது பெரியவர்களுக்குத் தானாக வருவதன்று; அதைப் பழக வேண்டும். பழகுவதற்கு நம் முன்னோர் இரண்டு வழிகளை வைத்துப் போனார்கள்.

ஒன்று, வினைகளைப் பிரித்துப் பார்ப்பது. புறநானூற்று 188ஆம் பாட்டைப் பாடியவர் பாண்டியன் அறிவுடை நம்பி, அரசர். பலரோடு உட்கார்ந்து உண்ணும் பெரிய பந்தியைப் பற்றிப் பேச்சைத் தொடங்கியவர், உடனே பந்தியை விட்டுவிட்டு, நடுவே புகுந்த குழந்தை ஒன்றைத் தொடர்ந்து போகிறார். அது சின்ன அடி வைத்து வருகிறது, கையை நீட்டுகிறது, சோற்றில் கை வைக்கிறது, தொட்டுப் பார்க்கிறது, வாயால் பற்றுகிறது, மறுபடி கையைவிட்டுக் கலக்குகிறது, நெய் கலந்த சோறு மேனியெல்லாம் படிகிறது. நம் வீட்டில் இதே காரியம் நடந்தால் நாம் என்ன சொல்லுவோம்? 'குழந்தை சோற்றைச் சிந்திவிட்டது' என்று ஒரே வினையில் முடித்துத் துணி தேடுவோம். அரசர் ஒவ்வொரு வினையாக எண்ணிக் காட்டுகிறார்; அவ்வளவு நேரமும் பந்தியில் இருந்த பெரிய மனிதர்கள் காத்திருந்தார்கள் என்று கொள்ள வேண்டும். இத்தகைய பிள்ளைகளைப் பெறாதவர்க்கு வாழ்நாளில் பயன் ஒன்றும் இல்லை என்று அவர் முடிப்பதை நான் ஏற்கவில்லை. பிள்ளை பெறாத சித்தப்பாவும் அத்தையும் அடுத்த வீட்டுப் பாட்டியும் பெற்றவர்களைவிடப் பொறுமையாகக் குழந்தையைப் பார்க்கிறார்கள் என்பது என் அநுபவம். அவருடைய முடிவை விட்டுவிட்டு அவருடைய கண்ணை மாத்திரம் எடுத்துக்கொள்ளலாம்.

மற்றொரு வழி, பிள்ளைத்தமிழ். பெரியாழ்வார் கண்ணனைப் பாடியதில் அரும்பி, ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடியதில் தனி நூலாக உருப்பெற்ற இந்தப் பிரபந்த வகையைப் பரீட்சைக்குப் படிப்பவர்கள், பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு, ஆண்பாலுக்குக் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஒப்பித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த அமைப்பைச் சற்றே நின்று பாருங்கள். மூன்றாம் மாதத்தில் காப்பு; ஐந்தில் செங்கீரை; ஏழில் தால்; ஒன்பதில் சப்பாணி; பதினொன்றில் முத்தம்; பதின்மூன்றில் வருகை; இவ்வாறு இரண்டு மாதத்துக்கு ஒன்றாக இருபத்தொன்றாம் மாதம் வரையில். அஃதாவது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புலவர் நின்றாக வேண்டும். நின்று, குழந்தைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரே ஒரு செயலைப் பத்துப் பாட்டால் பார்த்தாக வேண்டும். செங்கீரையில் குழந்தை செய்வது என்ன? ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது, அவ்வளவே. சப்பாணியில் கையோடு கை தட்டுகிறது. இதற்குப் பத்து விருத்தம்!

இந்த மாதக் கணக்கு புலவர்களின் கற்பனை என்று எண்ணாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் குழந்தைகளை அளந்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, துணையின்றி நடக்கத் தொடங்குவது சராசரியாக 12.1 மாதத்தில், எட்டு மாதத்துக்குச் சற்று மேலிருந்து பதினேழரை மாதம் வரையிலும் எப்போது நடந்தாலும் இயல்பே. நம்மவர்கள் வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாம் மாதத்தில் வைத்தார்கள். தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களிடமிருந்து வந்த கணக்கு அது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. காப்புப் பருவத்தில் தெய்வங்களை அழைத்துக் குழந்தையைக் காக்கும்படி வேண்டும்போது, அத்தெய்வங்களின் கொலைத் தொழிலைப் பாடலாகாது என்பது பாட்டியல் விதி. மற்ற இடங்களில் சங்காரத்தை வருணிப்பதில் சலியாத புலவர், குழந்தையின் அருகில் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. அம்புலிப் பருவத்திலோ அவர் மிகவும் சிரமப்பட வேண்டும். வானத்துச் சந்திரனைக் குழந்தையோடு விளையாட வரும்படி சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் ராஜதந்திரம் நான்கையும் கையாண்டு அழைக்க வேண்டும். இது கடினமான பகுதியாதலால், அம்புலி புலி என்று புலவர்கள் அஞ்சுவதுண்டு. மாற்றரசரிடம் தூது போகிறவன் கையாளும் நான்கு உபாயங்களையும், எட்டாத நிலவுக்குக் கை நீட்டும் ஒரு குழந்தையின் விருப்பத்துக்காகப் பிரயோகிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம்; ஆனால் அந்த விருப்பத்தை அரசியல் விவகாரத்துக்குச் சமமான மரியாதையோடு ஏற்றுக்கொண்ட மனம் அதன் பின்னால் இருக்கிறது.

இங்கிருந்து வெகு தொலைவில்லாத குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர், பெரியபுராணம் பாடியவர். அவருக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிள்ளைத்தமிழ் பாடினார். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னிருந்த அமைச்சரைத் தவழவும் தட்டவும் முத்தம் கொடுக்கவும் அழைத்தார். யாரைப் பாராட்ட வேண்டுமானாலும் அவரை முதலில் குழந்தையாக்கி, அந்தக் குழந்தையின் கதியில் இருபத்தொரு மாதம் கூடவே போவது என்ற இந்த ஏற்பாட்டில், புலவருக்குக் கிடைத்த பயிற்சியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குறையையும் சொல்ல வேண்டும். பிள்ளைத்தமிழுக்குத் தலைவராகிறவர் தெய்வம், அரசர், ஆசாரியர், வள்ளல். கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு நூறு விருத்தம் பாட எவரும் வரவில்லை. அந்தக் குழந்தைக்கு அதன் தாய் பாடிய தாலாட்டுத்தான் உண்டு. இந்தக் குறையை ஐந்தாவது பகுதியில் மறுபடி தொடுவேன்.

4

நான்காவது சிறியது. அம்புலி காட்டிச் சோறூட்டிய இடத்தில் இப்போது கைபேசி காட்டிச் சோறூட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறையில் இரண்டு வயது நிரம்பும்வரை திரைக் காட்சியே வேண்டாம் என்றும், அதற்கு மேல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாதென்றும் சொல்லியிருக்கிறது. அந்தப் பிரசங்கத்தை உங்களுக்கு ஏற்கெனவே பலர் செய்திருப்பார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. நிலாவைக் காட்டும்போது தாயும் அண்ணாந்து பார்த்தாக வேண்டும். இருவர் கண்ணும் ஓரிடத்தில் சேரும். கைபேசியைக் காட்டும்போது தாய் பார்க்க வேண்டியது கிண்ணத்தை மட்டுந்தான். அவள் கை விடுபடுகிறது, அவசரக் காரியம் ஒன்று முடிகிறது என்பதை நான் மறுக்கவில்லை. குழந்தை பூச்சியைப் பார்க்கும்போது அதைப் படம் பிடிக்கக் கைபேசியை எடுக்கிற தாத்தாக்களுக்கும் இதுவே பொருந்தும். பூச்சியும் போய்விடும், படமும் நன்றாக வராது.

5

ஐந்தாவதாக, இவ்வளவுக்கும் எழக்கூடிய ஓர் ஆக்ஷேபத்தை எடுத்துக்கொள்கிறேன். 'ஓய்வு பெற்றவருக்கு இதெல்லாம் சரி. காலை ஏழு மணி ரயிலைப் பிடித்துக் கடற்கரை வரை நின்றுகொண்டே போகிற பெண்ணுக்கு ஈரக் கோட்டின்மேல் நடக்க ஏது அவகாசம்?' என்று கேட்டால், அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவதை நான் குறை கூற மாட்டேன். நிதானம் என்பதை மனப்பக்குவத்தோடு மாத்திரம் சேர்த்துப் பேசுவது, நேரமும் இடமும் உள்ளவர்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்வதாக முடிந்துவிடும். நம் ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழும், வேறு மாநிலங்களிலிருந்து வந்து செங்கல் சுமக்கிறவர்களின் குழந்தைகள் எம்-சாண்ட் குவியலில் வீடு கட்டி விளையாடுகின்றன. சிற்றில் என்று பிள்ளைத்தமிழில் பாடியது இதைத்தான். ஆனால் இந்தச் சிற்றிலைச் சிதைப்பது தெருப் பையனின் கால் அன்று, குவியலை அள்ளவரும் இயந்திரத்தின் வாய்.

ஆகவே நிதானத்துக்குத் தெரு இடங்கொடுக்க வேண்டும். நெதர்லாந்து நாட்டில் பெர்னார்ட் வான் லேர் என்பார் பெயரால் அமைந்த அறக்கட்டளை ஒன்று, மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரமான 95 சென்டிமீட்டரிலிருந்து பார்த்தால் ஒரு நகரம் எப்படித் தெரியும் என்ற கேள்வியைப் பல தேசத்து நகரசபைகளிடமும் கேட்டு வருகிறது. அதே கேள்வியை நம் ஊருக்குக் கேட்டுப் பாருங்கள். நடைபாதையின் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதித்திருக்கிறது. ஐந்தேமுக்கால் அடி உயரமுள்ளவருக்கு அது ஒரு சாதாரணப் படி. 95 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கோ, அவர் அளவில், நமக்கு 27 அல்லது 28 சென்டிமீட்டர் ஏறுவது போன்றது. விதியை மதித்துப் போட்ட பாதையே இப்படி. உள் தெருக்களிலோ பாதையே கிடையாது; ஓரம் முழுவதும் இருசக்கர வண்டிகள், அவற்றின் புகைக்குழாய் சரியாகக் குழந்தையின் முகத்துக்கு நேராக. நான் நின்ற உயரத்தில் எனக்கு எதிர்வீட்டு முருங்கையும் வானமும் தெரிந்த இடத்தில், குனிந்து பார்த்தபோது சூடான இரும்பும், மூடி பெயர்ந்த கால்வாயும், வேகமாக வரும் சக்கரமும் தெரிந்தன.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்லவந்தபோது, உலர வைத்த தானியத்தைத் தின்னவரும் கோழியை விரட்டப் பெண்கள் வீசிய கனத்த பொற்குழை, குதிரை பூட்டாமல் பிள்ளைகள் உருட்டிச் செல்லும் முச்சக்கரச் சிறுதேரின் வழியை மறித்தது என்று பாடினார். கப்பலும் பண்டகசாலையும் நிறைந்த துறைமுகத்தில், ஒரு சிறுதேருக்கு எது தடை என்பதைக் கவனிக்க அவருக்குக் கண் இருந்தது. நம் பேரூர்களையும் ஊராட்சிகளையும் திட்டமிடுகிறவர்களிடம் நான் கேட்பது அந்தக் கண்ணைத்தான்.

இந்தச் சபையிலே குடியிருப்போர் நலச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் பலர் இருப்பதால், கேட்டுக்கொள்ளும்படியான காரியங்கள் இரண்டு உண்டு. முதலாவது, அங்கன்வாடிக்கும் தொடக்கப்பள்ளிக்கும் போகும் தெருக்களில், பிள்ளைகள் போய்வரும் நேரத்தில் ஓரத்தில் வண்டி நிறுத்துவதில்லை என்று நீங்களாகவே ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளலாம். இதற்கு எந்த அதிகாரியின் உத்தரவும் தேவையில்லை. இரண்டாவது, மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய திறந்தவெளி நிலம் உங்கள் கைக்கு வரும்போது, அதில் உடனே சிமென்ட் கல் பாவி, இரும்புச் சறுக்கு மரம் வைத்து, நன்கொடையாளர் பெயர்ப் பலகையும் பதித்துவிட வேண்டும் என்று துடிக்க வேண்டாம். வெற்று அறையிலும் குழந்தைகள் அதே அளவு நடந்தன என்ற சோதனையை ஞாபகப்படுத்துகிறேன். ஒரு வேம்பு, உட்காரத் திண்ணை, மிச்சமெல்லாம் மண். கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளும் உள்ளே வரும்படி வாயிற்கதவு பூட்டாமல் இருக்கட்டும். மாலையில் வேலை முடிந்து திரும்பும் தாயும் அங்கே பத்து நிமிடம் உட்காரலாம். வேலி எவ்வளவு உயரம், காவலுக்கு யார், பராமரிப்புச் செலவு எவர் பொறுப்பு என்பவற்றை எல்லாம் பேசித் தீர்க்க உங்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டமே போதும். அழைத்தால் நானும் வருவேன்.